இடைக்காலத் தடை

"அரசியல் சட்டம்னா இன்னா சார்? அது எம்புருசன் கால வெட்டச் சொல்லுதா?"

ரேணுகா போட்ட சத்தத்தில் வக்கீல் பாலகுருவின் குமாஸ்தா தட்டச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்த மாடி அறைக்கு அவள் உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். கணுக்கால்வரை உப்புப் பூத்திருந்தது. கழுவிக்கொண்டு வரக்கூடத் தோன்றவில்லை.

"உக்காரும்மா. ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"உப்பளத்து ஆளுங்களுக்கு இலவச வைத்தியம்னு புதுசா சட்டம் வந்துச்சில்ல, அந்த அட்டைய நீட்டினேன். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு எவனோ கேஸ் போட்டு, கோர்ட்டு தடை குடுத்துடுச்சாம். அட்டை செல்லாதுன்னுட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபரேசன் பண்ணலன்னா கால எடுக்கணுமாம். சுனாமியில உப்பளத்துல ரொம்புன சேத்த வாரச்சொல்ல பூட்சு தர்றோம்னு முதலாளி எல்லார்கிட்டயும் காயிதத்துல கையெழுத்து வாங்கினதோட சரி. வெறுங்கால்ல நின்ன புண்ணு சார் இது!"

தடைச் செய்தி கேட்டதும் சென்னையிலிருந்து வரவழைத்திருந்த மனுவின் நகலைப் பாலகுரு புரட்டினார். "உப்பளத்துக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டது சமத்துவத்துக்கு விரோதமாம். சம்பளத்துல மாசம் ரெண்டு ரூபா பிடிக்கிறது தொழிலாளியோட உரிமையப் பறிக்குதாம்."

"உரிமையா? உப்புத் தண்ணியில காலு வெந்தப்ப எங்க போச்சாம் அது? முதலாளிக்கு எங்க மேல அவ்ளோ கரிசனமா?"

"வக்கீல் வச்சது முதலாளிங்கதான். ஆனா கேஸு அவங்க பேருல இல்ல. ஒரு தொழிலாளி பேருல போட்டிருக்காங்க."

ரேணுகா எழுந்தே விட்டாள். கூட நின்று உப்பு வாருகிறவனா? ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கிறவனா?

"எந்தப் பாடையில போறவன் சார் அவன்? அவன் பொண்டாட்டி தாலி அறுத்துட்டு நடுத்தெருவுல நிக்கணும்!"

பாலகுரு கடைசிப் பக்கத்தை எடுத்தார். கையெழுத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த பெயரையும் தகப்பன் பெயரையும் இரண்டு முறை படித்தார்.

"கத்தாதம்மா. கேஸு போட்டவர் வாபஸ் வாங்கிட்டா தடை அன்னிக்கே போயிடும்."

"அவன் வூட்டக் காட்டுங்க. தலமுடியப் புடிச்சி நானே இழுத்தாறேன்!"

அவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதினார். அவள் முகத்தைப் பார்க்காமலே அதை அவள் பக்கம் தள்ளி, மேலே பேனாவை வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயி, இதுல உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வர்றியாம்மா?"