மண் போட்ட கிண்ணம்

"எனக்கு வேற எதுவும் வேண்டாம், மாப்பிள்ளை. ஜன்னல்ல இருக்கே தங்கச்சியோட செடி, அதை மட்டும் அப்படியே குடுத்துடுங்க."

மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய அண்ணன் வந்து உட்கார்ந்து, கொடுத்த காபியைத் தொடாமல் இதைக் கேட்டார்.

சமையலறையில் மகள் பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள். "அம்மா போனதும் மாமாவுக்குப் பங்கு ஞாபகம் வந்துடுச்சு," என்று அவள் முணுமுணுத்தது கூடம்வரை கேட்டது.

மாப்பிள்ளைக்கும் தலை நரைத்தாகிவிட்டது. பழைய பீங்கான்களை மதிப்பிடுவது அவர் தொழில். அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்தே எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம் என்று சொல்லிவிடுவார். விருந்துக்குப் போனாலும் தட்டைக் கவிழ்த்துப் பார்க்காமல் விடமாட்டார். "சாப்பாடு போடறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, புண்ணியமாப் போகும்," என்று மனைவி கெஞ்சுவாள். நண்பர்கள் வைத்த பெயர், கவுத்துராஜா.

"மச்சான், அது உங்க அப்பா குடுத்த கிண்ணம்."

"தெரியும்."

"போலின்னும் தெரியுமில்ல?"

"நீங்கதானே சொன்னீங்க."

கல்யாணமான புதிது. மாமனார் அந்தக் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்தார். "எங்க தாத்தா காலத்துது. இதோட அருமை உங்களுக்குத்தான் தெரியும்."

மாப்பிள்ளை உறவினர் அத்தனை பேர் முன்னாலும் அதைக் கவிழ்த்தார். நீல மீன் முத்திரை. ஒரே பார்வை.

"போலி. யாரோ உங்க தாத்தா தலையில நல்லாக் கட்டியிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு பெண்ணைப் பார்க்க வரும்போதெல்லாம், "எனக்குக் கண்ணாடி டம்ளர்லயே குடும்மா. அடியில ஒண்ணும் எழுதியிருக்காது," என்பார். சாகும்வரை அப்படித்தான்.

பிற்பாடு ஒருநாள் மனைவி அந்தக் கிண்ணத்தில் மண்ணைப் போட்டுச் செடி வைத்தாள். "அப்பாடா, போலிக்கும் ஒரு வேலை கிடைச்சுது," என்றார் அவர். அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

இப்போது அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். "செடியை விடுங்க மச்சான். இந்த ஜாடியை எடுத்துக்குங்க. சுத்தமான அசல்."

"ஜாடி வேண்டாம்."

"சரி, மண்ணைக் கொட்டிக் கழுவியாவது தரேன்."

"மண்ணோடவே குடுங்க!" மைத்துனரின் குரல் சட்டென்று உயர்ந்தது.

மகள் வெளியே வந்தாள். "மாமா இன்னும் அதை அசல்னுதான் நினைச்சுட்டிருக்கார். கவிழ்த்துக் காட்டிடுங்கப்பா. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

"வேண்டாம்மா..." என்று மைத்துனர் எழுந்தார். அதற்குள் மாப்பிள்ளை செடியை வேரோடு எடுத்துச் செய்தித்தாளில் வைத்துவிட்டார். வேர்கள் கிண்ணத்தின் வடிவிலேயே மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன. கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் படிந்திருந்த அழுக்கைக் கட்டைவிரலால் துடைத்தார்.

நீல மீன் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

விரல் அங்கேயே நின்றது.

மகள் குனிந்து பார்த்தாள். "வலது பக்கமா? அப்பா, மாநாட்டுலேருந்து வந்து சாப்பிடும்போது சொன்னீங்களே, அந்த மீனா?"

மாமனார் இறந்த அடுத்த வருடம் நடந்தது அது. இடது பக்கம் பார்க்கும் மீன்தான் அசல் என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். பீங்கான் நிபுணர்களின் மாநாட்டில் ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தத் தொழிற்சாலை தொடங்கியபோது அச்சு வெட்டியவனுக்கு மீனைத் திருப்பி வெட்ட வேண்டும் என்று தோன்றவில்லையாம். நேராகவே வெட்டிவிட்டான். பீங்கானில் பதித்ததும் அது மறுபக்கம் பார்த்தது. ஆக, போலி என்று ஒதுக்கியவைதான் எல்லாவற்றிலும் பழையவை.

பரிமாறிக்கொண்டிருந்த மனைவியிடம் அவர் இதை உற்சாகமாகச் சொன்னார். "எந்த மடையன் எத்தனையைப் போலின்னு தூக்கிப் போட்டானோ!" என்று சிரிக்கவும் செய்தார்.

எத்தனையோ கிண்ணங்களைக் கவிழ்த்தவருக்கு இந்த மீன் எந்தப் பக்கம் பார்த்தது என்று அப்போது நினைவுக்கு வரவில்லை.

"அவளும் மறந்துட்டா போல," என்றார். "இல்லேன்னா சொல்லியிருப்பாளே?"

மைத்துனர் கிண்ணத்தை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

"மறக்கலை, மாப்பிள்ளை. நீங்க சொன்ன மறுநாள் காலையிலதான் அதுல மண்ணைப் போட்டா. மண்ணு இருந்தா நீங்க கவிழ்க்க மாட்டீங்களாம். ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் போனதும் அதை எடுத்துட்டுப் போயிடுண்ணா, அவர் பாத்துடப் போறார்'னு சொன்னா."

மகள் ஆறிப்போன காபியை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அவ அப்பாவை நான் அப்படிப் பேசினேனே, மச்சான். அதுகூடவா அவளுக்கு வலிக்கலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அப்பா போயிட்டார்ண்ணா, இனிமே அவர் யார் முன்னாடியும் தலைகுனிய வேண்டாம். இவர் நாளைக்கும் நாலு பேர் முன்னாடி நிக்கணுமே'ன்னா."