அத்தானின் உடம்பு வாகு

தட்டம்மையில் சிவந்து கிடக்கும் அக்கா மகனின் கண்களில் வெயில் படாமல் அவள் ஜன்னலை மறைத்து நிற்கிறாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். "தடுப்பூசியெல்லாம் ஏமாத்து. இவன் பக்கத்துலயே கிடக்கேன், எனக்கு ஒட்டிச்சா? எல்லாம் உடம்பு வாகு!" என்று அத்தான் புஜத்தைத் தட்டிக் காட்டுகிறார். தன் கூடத்தில் சோதித்த அவருடைய ரத்தத்தில் தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதாகச் சொல்லும் ரிப்போர்ட்டைச் செத்த கரப்பானைத் தள்ளுவதுபோல விரல் நுனியால் அவர் பக்கம் தள்ளுகிறாள். "வாகுமில்ல, வாழைக்காயுமில்ல. சின்ன வயசுல உங்கம்மா ஊசி போட்டுவிட்டாங்களாம், கேட்டுட்டேன். அன்னிக்கு அந்தக் கிருமியோட சாயலைப் பாத்து வச்ச ரத்தம், இன்னிக்கு அடையாளம் கண்டு அடிச்சு விரட்டுது. முப்பது வருஷமா அது மறக்கல. நீங்க ஊசி போட விடாத இவன் ரத்தம் இப்பதான் முதல் தடவையா பாக்குது." குழந்தை மூச்சு இழுத்து இருமுகிறது. அக்கா அவனை வாரியெடுத்து, அத்தான் நீட்டும் கைகளைத் தாண்டித் தங்கையிடம் கொடுக்கிறாள்.