யார் வீட்டுக் குறை?

“ஊசி மருந்தைக் கூட்டிப் போடுங்க டாக்டர்!” மாமியார் மேஜையைத் தட்டினாள். பக்கத்து நாற்காலியில் மருமகள் உட்கார்ந்திருந்தாள்.

“கூட்டிப் பிரயோஜனம் இல்லைம்மா,” என்றார் டாக்டர். “கருமுட்டையை வளரச் சொல்லி மூளைக்கு அடியில இருந்து ஒரு ஹார்மோன் வருது. ஊசியிலயும் அதேதான் இருக்கு. ஆனா அதை வாங்கிக்கிற ஏற்பி இவங்க சினைப்பையில வேலை செய்யலை. காலிங் பெல் கெட்டுப்போன வீட்டுல எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே கேட்குமா? இது பிறவியிலேயே இருக்கிற மரபணுக் குறை.”

“எல்லாம் இவ அம்மா வழி! நான் பிறந்த வீட்டுலயும் சரி, புகுந்த வீட்டுலயும் சரி, இப்படி ஒண்ணு கிடையாது. என் பையனுக்கு வேற பொண்ணு பார்த்துக்கிறேன்.”

“அம்மா மட்டும் கொடுத்தா இந்தக் குறை வராதும்மா. அப்பாவும் கொடுத்திருக்கணும். கொடுத்தவங்ககிட்ட வெளியே எந்த அறிகுறியும் தெரியாது, அவ்வளவுதான்.”

மாமியார் மேஜை மேலிருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

மருமகள் எழுந்தாள். “இனி எனக்கு ஊசி வேண்டாம் டாக்டர், குத்தினது போதும். எங்க அப்பா குடும்பத்தைப் பத்திக் கேட்கணும்னா இவங்களையே கேளுங்க.”

“இவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அப்பாவோட கூடப் பிறந்த தங்கச்சியாச்சே! அண்ணன் பொண்ணுதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னு என்னைக் கட்டி வெச்சாங்க.”

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினாள்.

“வேற பொண்ணு தாராளமா தேடுங்க அத்தை. உங்க பிறந்த வீட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க!”