பாலம் வரை

சென்சர் மேல் ஈரத்துணியை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு அனந்தகிருஷ்ணன் சாவியைத் திருப்பினார்.

வண்டி உடனே கிளம்பியது.

இனிச் சந்தேகமில்லை. கேம்ஷாஃப்ட் சென்சர். சூடேறினால் செத்துவிடுகிறது, குளிர்ந்தால் பிழைத்துக்கொள்கிறது. நேற்று மாலை கல்கத்தாவின் மாஜேர்ஹாட் பாலத்தின் மேல் வண்டி நின்றுபோனது இதனால்தான். இன்று விடிந்ததும் குடியிருப்பில் நிறுத்தியபடியே ஓடவிட்டுப் பார்த்தார். பத்தாவது நிமிடம் அணைந்தது.

துறைமுகப் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். மாற்றுவது பெரிய வேலையில்லை. ஒரு போல்ட், ஒரு கனெக்டர்.

மாற்றுவதற்கு இன்னொன்று வேண்டும். இன்று பந்த். கடை கிடையாது, டாக்சி கிடையாது. ஆம்புலன்சுக்கு நான்கு முறை போன் செய்தும் யாரும் எடுக்கவில்லை.

முன்சீட்டில் சாவித்திரி. பாதங்கள் செருப்பில் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. ஏழு மணிக்கு டயாலிசிஸ். தவறினால் திங்கள்கிழமைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

திங்கள் வரை அவள் தாங்க மாட்டாள்.

மணி ஆறு ஐந்து.

"மாடி லாஹிரி வண்டி சும்மாத்தானே நிக்கறது. கேட்டுப் பாருங்கோளேன்." அதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வண்டில ஒரு கீறல் விழுந்ததுக்கு ஊரைக் கூட்டினவன். மூணு மாசமா மூஞ்சியத் திருப்பிண்டு போறான். அவன் வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?"

"என் காலைப் பாத்துட்டுச் சொல்லுங்கோ."

அவர் பார்க்கவில்லை.

லாஹிரியின் வண்டி முன்னால் மறித்து நின்றது. அதே மாடல், அதே வருடம், நிறம் மட்டும் வேறு. குடியிருப்பில் இடம் குறைவு. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்த முடியும். அதனால் எல்லார் சாவியும் காவல்காரத் தர்வானின் அறை ஆணியில் தொங்கும். யார் வண்டியையும் யாரும் நகர்த்திக்கொள்ளலாம்.

தர்வான் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அனந்தகிருஷ்ணன் லாஹிரியின் சாவியை எடுத்தார்.

அந்த வண்டியை ஓரமாக விட்டுவிட்டு வர இருபது நிமிடம் ஆயிற்று.

தன் பானட்டை மூடினார். அதே ஈரத்துணியில் கையைத் துடைத்தார்.

"சரியாயிடுத்தா?"

"ஆயிடுத்து."

சாவித்திரி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் நின்ற லாஹிரி வண்டியைப் பார்த்தாள்.

எஞ்சின் சீராக ஓடியது. 'ஹாஸ்பிடல்' என்று சிவப்பில் எழுதிய தாளைக் கண்ணாடியில் ஒட்டினார். பந்த் நாளில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது.

பிரம்பு நாற்காலியில் லாஹிரியின் அப்பா. ஒரு பக்கம் லாஹிரி பிடித்திருந்தார், மறுபக்கம் தர்வான். கிழவரின் கை மார்பிலிருந்து இறங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பின்சீட்டில் கிடத்தினார்கள். லாஹிரி சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே கிளம்பியது.

கிளம்பும். அதில் இருப்பது அனந்தகிருஷ்ணன் தன் கையால் மாற்றிப் பொருத்திய பழுதான சென்சர். பத்து நிமிடம் ஓடும்.

பாலம் வரை.

கேட்டருகே போன லாஹிரி சாவித்திரியைப் பார்த்துவிட்டார். பிரேக் போட்டார். வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி வங்காள மொழியில் கத்தினார்.

"அண்ணிக்கு ரொம்ப முடியல போலிருக்கே. நீங்க முன்னாடி போங்க, தாதா!"

மூன்று மாதத்தில் முதல் வார்த்தை, அதுவும் அண்ணா என்று.

அனந்தகிருஷ்ணன் கேட்டுக்குக் குறுக்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். பின்கதவைத் திறந்தார்.

"அப்பாவை இதுல ஏத்துங்க."

லாஹிரிக்குப் புரியவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

"நேத்து பாலத்துல பாத்தேனே. ரிப்பேர் உங்க வண்டிதானே, தாதா?"

சாவித்திரி கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அனந்தகிருஷ்ணன் சென்சரை மாற்றியதைச் சொன்னார்.