மோந்து பார்க்க வருகிறவள்

குமட்டவில்லை.

மூச்சை இன்னொரு முறை ஆழமாக இழுத்தாள். சாளை, நெத்திலி, ஈரச் சாக்கு, எல்லாம் தனித்தனியாக மூக்கில் ஏறின. வயிறு தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது.

தெரு முக்கில் ஜெயராக்கினி மீன் விற்கிற இடத்துக்கு இவள் தினமும் காலையில் வருகிறாள். இன்றோடு ஒன்பது நாள். ஒரு மீன்கூட வாங்கியதில்லை.

நாளைக்கு ஸ்கேன்.

போன ஸ்கேனில் டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்தார். கருவின் பை இருக்கிறது, துடிப்பு இன்னும் தெரியவில்லை, நாள் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம், பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்றான் கணவன். சொன்னவன் மறுநாள் காலை, தேய்த்ததை மறந்து இரண்டு முறை பல் தேய்த்தான்.

போன வருஷமும் இப்படி ஒரு வயிறு இருந்தது. ஒரு புதன்கிழமை மசக்கை சட்டென்று நின்றது. அப்பாடா என்று சாளைக் குழம்பு வைத்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை பார்த்தபோது துடிப்பு நின்றுபோயிருந்தது.

பிள்ளை போனதைக்கூட எப்படியோ தாங்கிவிட்டாள். அது போனது தெரியாமல் ருசித்துச் சாப்பிட்டதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

அதனால்தான் இந்த முக்கு. வந்து நிற்பாள், மூச்சை இழுப்பாள், ஓங்கரிப்பாள். கண்ணில் நீர் முட்ட, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வீடு திரும்புவாள்.

முதல் இரண்டு நாள் ஜெயராக்கினி சும்மா விடவில்லை.

"மோந்து பாத்துட்டுப் போறதுக்கா நான் ஏலத்துல மல்லுக்கட்டி எடுத்துட்டு வாரேன்?"

மூன்றாம் நாள், இவள் சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்து, நிமிர்ந்து, சிரித்ததைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஏச்சு இல்லை. நாலு பெற்றவள், புரியாமல் இருக்குமா.

இன்று காற்றும் இல்லை, வெயிலும் ஏறிவிட்டது. இதற்கு மேல் நாற மீனால் முடியாது.

ஆனாலும் குமட்டவில்லை.

இவள் நகரவில்லை. பயமாக இருந்தது. வீட்டுக்குப் போனால் நாளைக் காலை வரை இந்தச் சும்மா இருக்கிற வயிற்றோடு இருந்தாக வேண்டும்.

ஜெயராக்கினி மீன் வெட்டுவதை நிறுத்தினாள். இவள் முகத்தைப் பார்த்தாள்.

அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டு, பின்னால் மூடிவைத்திருந்த கழிவு வாளியை இழுத்தாள். செவுளும் குடலும் நேற்றிலிருந்து அதில் ஊறிக் கிடந்தன.

வாளியை இவள் முகத்துக்கு நேரே தூக்கி, மூடியைத் திறந்தாள்.

இவள் சாக்கடைக்கு ஓடினாள். ஒரு முறை. இரண்டு முறை. இன்னும் ஒரு முறை.

முதுகை ஓர் ஈரக் கை தடவிக்கொடுத்தது. செம்புத் தண்ணீர் நீண்டது.

அந்த வாளிக்கு ஊரில் யாருக்கும் குமட்டும். தடித்த போலீஸ்காரனுக்கும் குமட்டும். அது ஜெயராக்கினிக்குத் தெரியும். இவளுக்கும் தெரியும்.

"வந்துட்டுல்லா? வீட்டுக்குப் போ தாயி."

இவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

"வந்துட்டுக்கா" என்றாள்.