ஜன்னலைத் திறக்கும் யாழ்

"இதெல்லாம் யாழா? கோழிக்கூண்டுக்கு நரம்பு கட்டி வெச்ச மாதிரி இருக்கு! வேற காட்டுங்க."

லூக்கே ஊரில் யாழ் செய்து விற்கும் எலாடியோவிடம் இப்படி யாரும் பேசியதில்லை. வந்தவர் பக்கத்து ஊர் ஃபெர்மின். குடிக்க நீட்டிய குளிர்ந்த மூலிகைப் பானமான தெரெரேயைக்கூடத் தொடவில்லை. பராகுவேயில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"உங்களுக்கு வாசிக்க வருமா, ஃபெர்மின் ஐயா?"

"எனக்கு எதுக்கு? சனிக்கிழமை சாயங்காலமானா எங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழ ஒரு மனுஷன் வந்து நிக்கிறாரே, அவருக்கு! கையில ஒரு விரிசல் யாழ். முதல் வாரம் எங்க கோழிங்க முட்டையை நிறுத்திச்சு. ரெண்டாவது வாரம் எதிர்வீட்டுக் கழுதை ஊரைவிட்டே போயிடுச்சு."

எலாடியோ சிரிக்கவில்லை. கழுதைகளுக்குச் சங்கீத ஞானம் உண்டு என்பது அவர் அனுபவம்.

"விரிசல் விட்டா அடுப்புலதான் போடணும். போன மாசம்கூட ஒண்ணை விறகுக்குன்னு ஒதுக்கினேன். அந்த ஆளை விரட்ட வேண்டியதுதானே?"

"எப்படி? உள்ள மனசு இளகியாச்சு. ஜன்னலைத் திறந்தா சம்மதம். ஆனா அந்தக் கர்ண கடூரத்துக்குத் திறந்தா தெருவே கைகொட்டிச் சிரிக்கும். அஞ்சு வாரமா ஜன்னல் கொக்கியில கையை வெச்சுக்கிட்டு அழுகை. பார்க்கச் சகிக்கல."

எலாடியோவுக்கு ரத்தம் கொதித்தது. அவருக்கும் ஒரு மகள் உண்டு. விற்கவே மனமில்லாமல் துணி போர்த்தி வைத்திருந்த தேவதாரு யாழை இழுத்து வந்து, முப்பத்தாறு நரம்புகளிலும் நகத்தை ஓடவிட்டார். தெருவில் குரைத்துக்கொண்டிருந்த நாய் பாதியில் நிறுத்திவிட்டுப் படுத்தது.

"இதுதான்!" என்றார் ஃபெர்மின்.

"எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். கண்டவனுக்கும் நீங்க ஏன் யாழ் வாங்கித் தரணும்? அவனுக்கு வீடு வாசல் கிடையாதா?"

"இருக்கு. வசதியான குடும்பம்தான்."

"வெக்கங்கெட்ட குடும்பம்! ஓட்டை யாழைக் குடுத்து ஒருத்தனைப் பெண் கேக்க அனுப்புவாங்களா? அவங்க தலையிலயே கட்டுங்க விலையை. மாட்டேன்னா நானே வந்து நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

ஃபெர்மின் தெரெரேயை எடுத்து, கடைசிச் சொட்டுவரை நிதானமாக உறிஞ்சினார்.

"அதுக்குத்தான் இங்க வந்தேன். அழுதுக்கிட்டிருக்கறது எங்கம்மா, வயசு அறுபத்தெட்டு. வாசிக்கிறது உங்கப்பா."