மங்கலான கறுப்பு

"பளபளன்னு ஒண்ணுகூட கண்ணுல படக்கூடாது. எழவு வீட்டுக்குப் போற வண்டி மாதிரி இருக்கணும்" என்றார் வந்தவர்.

ஃபோல்கர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். புத்தம் புதிது. அந்தக் கம்பெனி செய்கிற கார்களிலேயே விலை உச்சியில் இருப்பது. ஜன்னல் ஓரம், முன்பக்கக் கம்பிகள், கைப்பிடிகள் என்று எங்கும் குரோம். பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

குரோம் பட்டைகளின்மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதுதான் ஃபோல்கரின் பிழைப்பு. லூடன்ஷைட் ஊர் இளவட்டங்கள் அவன் பட்டறையில்தான் தவம் கிடப்பார்கள். அவர்கள் எல்லோரும் கேட்பது மினுங்கும் கறுப்பு. இவரோ மங்கலான கறுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"அது வேணாம் சார். குரோம் போடக் காசில்லாம, வெறும் பிளாஸ்டிக் பட்டையோட வாங்கின வண்டி மாதிரி ஆயிடும்."

"அதேதான் வேணும்."

"வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?"

அவர் டையைச் சரி செய்துகொண்டார். "நாளைக்கு ஒரு இடத்துக்குப் போறேன். பாவம், அங்க நிறைய பேர் அழுவாங்க. அவங்க முன்னாடி இதுல போய் இறங்கினா நல்லாவா இருக்கும்?"

ஃபோல்கருக்கு மனசு இளகிவிட்டது. பணம் இருக்கிறவனுக்கு இப்படியும் ஒரு மனசா! அவனிடம் வருகிறவனெல்லாம் இல்லாததை இருப்பதாகக் காட்டச் சொல்பவன்தான். இருப்பதை இல்லை என்று காட்டச் சொன்ன முதல் ஆள் இவர்.

"அப்போ பின்னாடி இருக்கற எழுத்து? எட்டு சிலிண்டர்னு அதுவே ஊருக்குத் தண்டோரா போடுமே."

"அதையும் எடுத்துடுங்க."

"வெறுமனே எடுத்தா எதையோ மறைக்கறீங்கன்னு தெரிஞ்சுடும். இருங்க."

அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினான். பல வண்டிகளிலிருந்து பெயர்த்தெடுத்த எழுத்துகள் அதில் கிடந்தன. கிளறி, '160 டி' என்பதை எடுத்தான். அதே கம்பெனியின் ஆகச் சின்ன டீசல் வண்டி. போன குளிர்காலத்தில் உடைக்கக் கொடுத்த அவனுடைய சொந்தக் காரில் இருந்தது.

"டி-யில ஒரு மூலை உடைஞ்சிருக்கு. என் பொண்டாட்டி ரிவர்ஸ் எடுத்து சுவத்துல இடிச்சுட்டா. பரவாயில்லையா?"

"இன்னும் நல்லதாப் போச்சு" என்று முதல் தடவையாகச் சிரித்தார். "இதுக்குத் தனியா எவ்வளவு?"

"எழவு காரியத்துக்குக் காசு வாங்கமாட்டேன் சார்."

அன்று சாயங்காலம் வீட்டில் அவன் மனைவி ரிக்கே ரொட்டியைத் தொடவே இல்லை. குரோம் முலாம் பூசும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவள். "நான் தொட்டியில முக்கிப் பளபளக்க வைக்கறேன், நீ அதுமேல கரி பூசற. நமக்கு வெளியில எதிரி எதுக்கு?" என்று தினமும் அவனை வாருவாள். இன்று அதுவும் இல்லை.

"நாப்பத்தோரு பேரை வீட்டுக்கு அனுப்பணுமாம். மிச்சப் பேருக்கு கிறிஸ்துமஸ் பணம் கிடையாதாம். கம்பெனிக்குக் கஞ்சிக்கே வழியில்லன்னு சொல்றாங்க."

"நீ என்ன பண்ணணும்?"

"தொழிலாளர் குழுத் தலைவி நான். என் கையெழுத்து இல்லாம ஒரு ஆளைக்கூட அவங்களால சுலபமா தூக்க முடியாது. நாளைக்குக் கூட்டம். கையை வெட்டினாலும் போடமாட்டேன்."

ஃபோல்கர் அவள் தட்டில் ஈரல் சாசேஜை ஒரு துண்டு கூடுதலாக வைத்தான். அவள் போடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். ரிக்கே மசிகிற ஆள் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த மனிதர் வந்து வண்டியைப் பார்த்தார். "என் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது" என்றார். ஃபோல்கரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அன்று முழுவதும் ஃபோல்கர் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தான்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது ரிக்கே கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டுட்டேன்" என்றாள்.

"என்னது? கையை வெட்டினாலும்னு சொன்னியே!"

"கம்பெனியை வாங்கின புது ஓனர் ம்யூனிக்லேருந்து அவரே வந்திருந்தாரு. இதுக்கு முன்னாடி நாங்க யாரும் அவர் மூஞ்சியைப் பார்த்ததில்ல. 'உங்க நிலைமைதான் எனக்கும், நானும் வயித்தைக் கட்டறேன்'னு கண் கலங்கினாரு. எல்லா முதலாளியும் பாடற பாட்டுதானேன்னு நான் அசையல."

"அப்புறம்?"

"'ஜன்னல் வழியா என் வண்டியைப் பாருங்க'ன்னாரு. பார்த்தா ஒரு குரோம் பட்டைகூட இல்ல. குரோம் கம்பெனி முதலாளிக்கே குரோம் போட வசதியில்ல!"

ஃபோல்கர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். ஃபிலிம் பசை இன்னும் அவன் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பவும் நான் நம்பல. கீழ இறங்கிப் போய் வண்டிக்குப் பின்னாடி பார்த்தேன். பார்த்ததும் எனக்கே அழுகை வந்துடுச்சு. நேரா மேல வந்து போட்டுட்டேன்."

அவன் விரல்களில் இருந்த பசையைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"நம்ம பழைய வண்டியேதான், ஃபோல்கர். அந்த டி-யோட மூலைகூட அப்படியே உடைஞ்சிருந்துச்சு."